பதினான்காவது மேசை

கயிறு வாங்கப் போனவர்கள் இரண்டு பேர். ஒருத்தி அண்ணி. ஆறு அறுத்த மலையிடுக்குகளில் கயிற்றைப் பிடித்து இறங்குவதென்றால் சோறு தண்ணி வேண்டாம் அவளுக்கு. இன்னொருத்தி அவளுடைய நாத்தனார், திரைச்சீலை தைக்கும் பட்டறை நடத்துகிறவள். அண்ணி அவளை ஊசி என்றுதான் கூப்பிடுவாள்.

ஊசிக்கு மலையும் தெரியாது, நீச்சலும் தெரியாது. அவளைக் கூட அனுப்பியது அவளுடைய அண்ணன். போன தடவை அண்ணி திரும்பி வந்தபோது கயிற்றின் மேலுறை பாறை விளிம்பில் கிழிந்து, உள்ளே இருந்த வெள்ளை நார் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததிலிருந்து மனுஷனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "போகாதேன்னு சொல்ல மாட்டேன். ஆனா கயிறை என் தங்கச்சி தொட்டுப் பாத்துச் சொல்லட்டும்" என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை ஒரு புது இடுக்கில் அண்ணிதான் முதல் ஆளாக இறங்க வேண்டும். மேலே பாறையில் அடித்த வளையத்திலிருந்து கீழே தண்ணீர் வரை நாற்பத்திரண்டு மீட்டர். வழி நெடுக அருவி தலையில் கொட்டும். கயிறு நடுவில் முடிந்துபோனால் அந்தத் தண்ணீரில் மேலே ஏறவும் முடியாது. கீழே முழங்காலளவுத் தண்ணீரில் பாறை கிடப்பதால் குதிக்கவும் முடியாது, கண்ணுகளா.

கடையில் கயிறுகள் பெரிய பெரிய உருளைகளில் சுற்றியிருந்தன. ஊசி கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக விரலிடுக்கில் இழுத்துப் பார்த்தாள்.

"கண்ணை மூடிக்கிட்டு சரக்கு பாக்கிற ஆளை இப்பத்தான் பாக்கிறேன்" என்றார் கடைக்காரர்.

"திறந்து வச்சா கலர் ஏமாத்திடும்" என்றாள் ஊசி. முதல் கயிறு சிவப்பு, பூனைக்குட்டி மாதிரி மெத்தென்று இருந்தது. "இது ரொம்ப இழுபடுதே?"

"இழுபடுறது பாறை ஏறுறவங்களுக்கு நல்லது. நமக்கு ஆகாது" என்றாள் அண்ணி. "தொங்கி இறங்கும்போது மேலயும் கீழயும் துள்ளும். துள்ளத் துள்ள விளிம்புல ரம்பம் வச்ச மாதிரி அறுபடும்."

"அப்போ போன தடவை கொண்டு போனது?"

"இதே வகைதான். இரவல் கயிறு. உங்க அண்ணன்கிட்ட மூச்சு விட்டுடாதே, தாயே."

இரண்டாவது மெலிசு. ஊசி அதை நிமிண்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "சட்டை தனி, உடம்பு தனியா நழுவுது. தொளதொளன்னு தைச்ச மாதிரி."

மூன்றாவது வெளிர் மஞ்சள். அழகு கிடையாது. ஆனால் மேலுறை நெருக்கமாகப் பின்னி, உள்நாரை இறுக்கிப் பிடித்திருந்தது. இழுத்தால் அசைந்து கொடுக்கவில்லை. ஊசி கண்ணைத் திறந்தாள். "இதான் அண்ணி."

"அறுபது மீட்டரா எடுத்துக்கோங்க" என்றார் கடைக்காரர்.

"நனைஞ்ச அறுபது மீட்டரை முதுகுல நீங்க சுமக்கிறீங்களா? நாப்பத்தஞ்சு போதும்" என்றாள் அண்ணி. அவர் அளந்து, சூடேற்றிய கத்தியால் வெட்டி, நுனியை உருக்கி அடைத்துக் கொடுத்தார்.

கயிற்றுக்கு ஒரு பை தைக்க வேண்டுமென்று அண்ணி அதைப் பட்டறையிலேயே விட்டுப் போனாள். மறுநாள் மத்தியானம் இஸ்திரிப்பெட்டியின் ஆவி அறையெல்லாம் பரவியிருந்தது. ஊசி அந்த மஞ்சள் சுருளில் தலை சாய்த்தாள். அப்படியே கண் சொருகியது.

கனவில் அவள் ஒரு ஜன்னலுக்குத் திரை மாட்டிக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு மேல் விளிம்பே இல்லை. திரை அங்கிருந்து தண்ணீராக இறங்கியது. ஒவ்வொரு தடவை நனையும்போதும் அது தரையை விட்டு ஒரு விரற்கடை மேலே ஏறியது. இன்னொரு விரற்கடை. திரைக்கு அடியில் இரண்டு பாதங்கள் தெரிந்தன. அண்ணியின் பாதங்கள். அவை தரையைத் தேடித் தேடி மெல்ல ஆடின. யாரும் கத்தவில்லை. தண்ணீர் மட்டும் சலசலவென்று பேசிக்கொண்டிருந்தது.

விழித்தவள் தலையில் அடித்துக்கொண்டாள். இருபது வருஷமாக ஒரு முழத் துணியைக்கூட நனைக்காமல் வெட்டியதில்லை அவள். நனைக்காமல் தைத்த திரை முதல் சலவையிலேயே முழங்காலுக்கு ஏறிவிடும் என்று வேலைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்கிறவள். கயிறென்றதும் அது துணி ஜாதி என்பதே மறந்துபோயிற்று.

துணி ஊறவைக்கும் தொட்டியில் கயிற்றை அமுக்கினாள். அது சின்னச் சின்னக் குமிழியாக மூச்சு விட்டபடி மூழ்கியது. ராத்திரி முழுக்க ஊறியது, அடுத்த நாள் முழுக்கக் கொடியில் காய்ந்தது. அதற்கப்புறம்தான் அண்ணிக்குப் போன் போட்டாள்.

வெட்டும் மேசை மூன்று மீட்டர் நீளம். நாற்பத்தைந்து மீட்டர் என்றால் பதினைந்து மேசை. ஊசி ஒரு பக்கம், அண்ணி மறுபக்கம் நின்று கயிற்றை நீட்டி நீட்டி எண்ணினார்கள்.

"பன்னெண்டு. பதிமூணு."

பதினான்காவது மேசையில் கயிறு பாதி தாண்டி வந்தது, இன்னும் வந்தது, ஓரத்துக்கு இரண்டு சாண் இருக்கும்போது நின்றுவிட்டது.

அண்ணி அந்த வெற்று இரண்டு சாண் மேல் உள்ளங்கையை வைத்தாள். "பதினாலு மேசைன்னா நாப்பத்திரண்டு" என்றாள், யாருக்கோ சொல்வது போல. "இன்னும் முடிச்சே போடலை."

"உங்களுக்குத் தெரியாதா அண்ணி? இத்தனை வருஷமா இறங்குறீங்க."

"நான் புதுக்கயிறு வாங்கினதே இல்லடி. கூட்டாளிங்க கொடுக்கிற பழசுதான். அதெல்லாம் சுருங்குறவரைக்கும் சுருங்கி முடிஞ்சது." மேசையிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, "உங்க அண்ணன்கிட்ட…" என்று இழுத்தாள்.

"மூச்சு விடமாட்டேன். இந்தத் தடவை சுமையைப் பத்திப் பேசினா மட்டும் விட்டுடுவேன்."

அண்ணி மறுபடி கடைக்குக் கிளம்பினாள். அதே மஞ்சளில் அறுபது மீட்டர் வந்தது, ஊறியது, காய்ந்தது, பதினெட்டு மேசை தாண்டிக் கிடந்தது. சுருங்கிப்போன முதல் கயிறு குட்டை இடுக்குகளுக்கு ஆகுமென்று ஆணியில் தொங்கியது.

சனிக்கிழமை காலை அருவிக்குக் கீழே, சுற்றுப்பாதையில் வந்து சேர்ந்த ஊசியும் அவளுடைய அண்ணனும் நின்றிருந்தார்கள். சாரல் வெயிலில் மிதந்தது. அண்ணன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தார்.

மேலிருந்து மஞ்சளாக ஒன்று விழுந்தது. தண்ணீரைத் தொட்டது, அதற்கப்புறமும் வந்துகொண்டே இருந்தது. சுருள் சுருளாகப் பாறைகளின் மேல் சோம்பலாகப் படுத்துக்கொண்டது.

"வந்துட்டாளா?" என்றார் அண்ணன், கண்ணைத் திறக்காமல்.

ஊசி குனிந்து கயிற்று நுனியைத் தொட்டாள்.

"கயிறு வந்து சேந்துடுச்சு அண்ணா. அண்ணி பின்னாலேயே வர்றாங்க."

வெள்ளைத் தண்ணீருக்குள்ளே, வெகு உயரத்தில், இரண்டு பாதங்கள் தெரிந்தன.