ஞாயிறு மூன்றரை மணிப் படகு

1

இந்தக் கதை வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், பிறகு யாரும் என்னைத் திட்டக்கூடாது. பக்கத்து வீட்டு டேரல் பாஸ்கோ ஒரு செவ்வாய்க்கிழமை தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விட்டபடி, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"மருந்தம்மா, சிட்னிக்கு ஒரு சனி ஞாயிறு போய்ட்டு வரணும்னா எப்படி?"

துவைத்த துணிக்கூடையைக் கீழே வைத்துவிட்டேன். புரோக்கன் ஹில்லில் இருபத்திரண்டு வருஷமாக மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். இந்த ஊர்க்காரர் ஒருவர் ஆசையாக சிட்னிக்கு வழி கேட்டு நான் பார்த்ததில்லை. டேரலுக்கு அறுபத்தாறு வயது. முப்பத்தொரு வருஷம் வெள்ளிச் சுரங்கத்துக்குள் இருந்தவர். அவருக்கு லீவு என்றால் அடிலெய்டு, கடல் என்றால் அடிலெய்டு, பல்வலி என்றாலும் அடிலெய்டு. எங்கள் வெள்ளியைத் தின்று கொழுத்த ஊர் சிட்னி என்பது இங்கே பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

"சிட்னிக்கா? நீங்களா? எதுக்கு?"

"பாலம் பாக்க."

"சும்மா சொல்லாதீங்க."

"ஏன், நான் பாலம் பாக்கக்கூடாதா? உடைஞ்சிடுமா?"

(இங்கே 'அவர் கண்களில் ஒரு சோகம்' என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அவர் கண்ணை நான் பார்க்கவே இல்லை. தக்காளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.)

2

உண்மையைச் சொன்னது அவர் மனைவி பெவ். சமையலறைக்குக் கூப்பிட்டு, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த கடிதத்தைக் காட்டினாள்.

"மூணு நாளா ஒட்டியிருக்கு. பால் எடுக்க வர்றான், படிக்கிறான், பாலை எடுக்காமப் போறான். வீட்ல காப்பி கறுப்பாத்தான் ஓடுது."

கடிதம் கெல்லின் மனைவி ஜெனட் எழுதியது. கெல், டேரலின் தம்பி. சிட்னித் துறைமுகத்திலிருந்து கடலோர மேன்லிக்குப் பயணிகள் படகு ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமையோடு ஓய்வு பெறுகிறார். "மூன்றரைக்கு சர்க்குலர் கீ துறையிலிருந்து கிளம்புவார். நாலு பத்துக்கு மேன்லியிலிருந்து திரும்புவார். அதுதான் கடைசி. டேரல் பேச வேண்டாம். ஏறி உட்கார்ந்தால் போதும். வருவானா, வருவானா என்று இவர் தினமும் கேட்கிறார்."

இருபத்திரண்டு வருஷம் வேலிக்கு இந்தப் பக்கம் இருந்திருக்கிறேன். டேரலுக்கு ஒரு தம்பி உண்டு என்பதே எனக்குத் தெரியாது.

காரணம் ஒரே சொல்தான். கருங்காலி. முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் நடந்த வேலைநிறுத்தத்தில், ஏழாவது வாரம், கெல் தொழிலாளர்களின் மறியல் வரிசையைத் தாண்டிச் சுரங்கத்துக்குள் போனார். இந்த ஊரில் கொலைகாரன்கூடத் தண்டனை முடிந்து வந்தால் ஒரு பீர் வாங்கிக் குடிக்கலாம். கருங்காலிக்குக் கிடையாது. அவனோடு யாரும் பேசமாட்டார்கள், அவன் பெயரையும் சொல்லமாட்டார்கள். அன்றைக்கு நிறுத்திய பேச்சை டேரல் இன்றுவரை தொடங்கவில்லை. தம்பியைப் பற்றிக் கேட்டால், 'அவன்' என்பார். அதற்கு மேல் ஓர் எழுத்து வராது.

ஆக, விஷயம் இதுதான். அந்தப் படகில் டேரல் ஏறுவாரா, மாட்டாரா? பாலமாவது கத்திரிக்காயாவது!

3

கெல் என்ற பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம். ஏன் உள்ளே போனார்? ஒரு காரணம் கொடுத்தால் வாசகர் மன்னிக்கத் தோதாக இருக்கும். முதல் வரைவில் அவருக்கு நோயாளிக் குழந்தை ஒன்றைக் கொடுத்தேன். தொட்டில், காய்ச்சல், மருந்துச் சீட்டு. நமக்குத்தான் மருந்துக்கடை அனுபவம் இருக்கிறதே! பக்கம் பக்கமாக ஓடியது. அதை வேலியோரம் நின்று ஆங்கிலத்தில் டேரலுக்குப் படித்துக் காட்டினேன்.

"குழந்தையா? அவனுக்கு அப்போ கல்யாணமே ஆகலை."

"அப்போ எதுக்குப் போனார்?"

"அலுத்துப்போச்சாம். அவ்ளோதான். 'சும்மா உக்காந்து அலுத்துப்போச்சு டேரல்'னான். எங்க அப்பன் மூஞ்சிக்கு நேரா."

தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அலுப்புக்கு எந்தக் கதையில் மன்னிப்பு இருக்கிறது? ஆனாலும் அந்த மனிதர் இப்போது சிட்னிக்கு வழி கேட்கிறார். காரணம் எதுவும் இல்லாத குற்றத்துக்காக ஆயிரத்து நூறு கிலோமீட்டர் போகப் போகிறார். அப்பப்பா! குழந்தையைக் கிழித்துப் போட்டேன்.

4

திட்டத்தாளை நானே எழுதினேன். வெள்ளி மாலை சின்ன விமானம். சனி முழுக்க இஷ்டம்போல. ஞாயிறு, சர்க்குலர் கீ, மூன்றரை. கால் மணி முன்னால் போகவும். திங்கள் திரும்பல். தடித்த எழுத்தில் எழுதி, மடித்து அவர் சட்டைப்பையில் வைத்துவிட்டேன். பெவ் கூடப் போகவில்லை.

"நான் வந்தா இந்த ஆளு என்கிட்டயே பேசிட்டிருந்துட்டு, தம்பிகிட்டப் பேசாமத் தப்பிச்சுடும். தனியாப் போகட்டும்."

அவர் கிளம்பிய பிறகு கதையின் முதல் வரிக்கு உட்கார்ந்தேன். துறைமுகத்தில் தொடங்க ஆசை.

வளைவு திரும்பியதும் நீலமாக விரிந்த அந்த

வேண்டாம். காலண்டர் படம்.

பாலத்தின் இரும்பு வளைவுக்குக் கீழே நூறு கப்பல்கள்

நூறா? எண்ணினாயா?

நான் அந்தத் தண்ணீரை முதலில் பார்த்த நாளில் கையில் மூன்று பெட்டி இருந்தது, மூன்றையும் கீழே போட்டேன்.

இது மட்டும் உண்மை. ஆனால் இது என் கதை இல்லையே. குடிக்கிற தண்ணீர் குழாய் வழியாக இருநூற்று எழுபது கிலோமீட்டர் கடந்து வருகிற ஊரில் இருந்துகொண்டு, அவ்வளவு தண்ணீரை எப்படி எழுதுவது? எழுத எழுதக் கை கூசுகிறது. துறைமுகத்தை எழுதுவதை விட்டுவிட்டேன். இதை வாசகர் குறையாகவே எடுத்துக்கொள்ளலாம்.

5

சனிக்கிழமை இரண்டு முடிவுகள் தயாராக இருந்தன. பெவ்விடம் படித்தேன்.

முடிவு ஒன்று: டேரல் படகில் ஏறுகிறார், படியேறி ஓட்டுநர் அறைக்குப் போகிறார், அண்ணனும் தம்பியும் கட்டிக்கொள்கிறார்கள்.

"யாரு, டேரலா?" பெவ் தேநீரைச் சிந்தினாள். "எங்க கல்யாணத்துக்கே கைதான் குலுக்கினான்!"

முடிவு இரண்டு: கடைசி வரிசையில் உட்காருகிறார். யாரோடும் பேசாமல் இறங்கி, திங்கட்கிழமை வந்து தக்காளிக்குத் தண்ணீர் விடுகிறார்.

பெவ் இதற்குச் சிரிக்கவில்லை. "இதுதாம்மா நடக்கும். இதை எழுதாதே."

6

இந்தப் பகுதியை நான் எழுதாமல் விட்டிருக்கலாம். ஞாயிறு மதியம் பெவ்வின் சமையலறையில் இருவரும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்றரை ஆனது.

"ஏறியிருப்பார்," என்றேன்.

"ஏறியிருக்கணும்," என்றாள்.

பிறகுதான் எனக்கு உறைத்தது. மூன்றரைதான், ஆனால் யாருடைய மூன்றரை?

எங்கள் ஊர் சிட்னியின் மாநிலத்தில்தான் இருக்கிறது. கடிகாரம் மட்டும் அடிலெய்டோடு ஓடுகிறது. சிட்னி எங்களுக்கு அரைமணி நேரம் முன்னால் இருக்கிறது. இது எனக்குத் தெரியும், எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே யாரும் சொல்வதில்லை. நானும் தாளில் எழுதவில்லை.*

"பெவ், அவர் வாட்சு…"

அவள் கோப்பை பாதியில் நின்றது. "அதை மாத்தமாட்டான். அடிச்சாலும் மாத்தமாட்டான். 'சிட்னிக்காரன் நேரத்துக்கு நான் ஏன் மாறணும்'பான்."

கைப்பேசிக்கு அடித்தோம். அணைத்து வைத்திருந்தார், சார்ஜ் மிச்சமாகுமாம். கெல் அரைமணிக்கு முன்பே கிளம்பிப் போயிருந்தார். முப்பத்தெட்டு வருஷத்தை என் பேனா கெடுத்துவிட்டது. பெவ் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அழுதேன்.

* வேற்றூர்க்காரி என்றால் விமானத்திலிருந்து இறங்கியதும் நேரம் கேட்டிருப்பாள். இந்தத் தவறைச் செய்ய இருபத்திரண்டு வருஷம் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும்.

7

திங்கட்கிழமை வந்து இறங்கினார். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள், வேலியின் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு ஆரம்பித்துவிட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"அம்மாடி, எவ்ளோ தண்ணி! சனிக்கிழமை காலைல அஞ்சு மணிக்குத் துறைக்குப் போய்ப் படியில உக்காந்தேன். இருட்டினப்புறம்தான் எழுந்தேன். அவ்ளோ பெரிய கப்பல், ஒரு தெருவே மெதந்து வர்ற மாதிரி வருது, சத்தமே இல்ல. பக்கத்துல ஒருத்தன் போனைப் பாத்துட்டிருக்கான். 'டேய், தலையைத் தூக்குடா, அங்க பாரு'ன்னேன். என்னைப் பைத்தியம்னு நெனச்சுட்டான்."

"படகு, டேரல்?"

"வாட்சுல மூன்றரை. படகு கிளம்புது. சரியா டைமுக்கு! ஏறினேன்."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. படகு அரைமணிக்கு ஒன்று. அவர் ஏறியது சிட்னியின் நாலுமணிப் படகில். தம்பிதான் மேலே ஓட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"மேல கண்ணாடி ரூமையே பாத்துட்டிருந்தேன். இருபது நிமிஷம். ஒரு வார்த்தை யோசிச்சிட்டிருந்தேன். போய் என்ன சொல்றது? ஒண்ணும் வரல. அப்போ படகு ஒரு தூக்கு தூக்கிச்சு பாரு! ரெண்டு பக்கமும் பாறை, நடுவுல கதவு தொறந்த மாதிரி கடல். முழுக் கடலும் உள்ள வருது. நான் ஒரு கிலோமீட்டர் ஆழத்துல மலை உறுமிக் கேட்டிருக்கேன். பயந்ததில்ல. அங்க பயந்தேன். ஆனா எழுந்து உள்ள போகணும்னு தோணல. இதைப் பாக்காமலே செத்திருப்பேனேன்னு இருந்துச்சு."

அந்த இடத்தில்தான் எதிரே இன்னொரு படகு வந்திருக்கிறது. வண்ணக் கொடிகள் கட்டி, சுற்றிலும் இருந்த படகெல்லாம் ஊதுகொம்பு ஊத. கயிறு சுருட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம் டேரல் என்னவென்று கேட்டிருக்கிறார்.

"'எங்க கேப்டனோட கடைசி ஓட்டம் தாத்தா'ங்கறா. அப்போ மேல இருக்கறது யாருடின்னேன். 'அது சோஃபி'ங்கறா. யாரோ ஒரு சோஃபிக்காக இருபது நிமிஷம் நெஞ்சு அடிச்சிட்டிருந்திருக்கு!"

சிரித்தார். நானும் சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டேன், ஏனென்றால் அவர் நிறுத்திவிட்டார்.

"அவன் அந்தப் படகுல போறான். நான் இதுல வர்றேன். நூறு கெஜம்கூட இருக்காது. கை தானா மேல போச்சு. அவன் பாத்தானா தெரியல. எல்லாரும் கை ஆட்றாங்க. எல்லாரும் கொம்பு ஊதறாங்க. யாருது யாருக்குன்னு எப்படித் தெரியும்?"

8

மேன்லி போய், அதே படகில் திரும்பியிருக்கிறார். சர்க்குலர் கீ வரும்போது சிட்னி நேரம் ஐந்து பத்து. கெல் வந்து சேர்ந்து அரைமணி ஆகியிருந்தது. கொடி, கேக், கைதட்டல் எல்லாம் முடிந்திருக்கும்.

"துறையில ஒருத்தன் நின்னான். வெள்ளைச் சட்டை. எங்களுக்கு முதுகைக் காட்டிட்டு." டேரல் வேலியோரத்து இலை ஒன்றைக் கிள்ளினார். "சரி, நமக்கு வேணும்னு நெனச்சேன். முப்பத்தெட்டு வருஷம் நான் காட்டினது. இன்னிக்கு அவன் முறை."

"ஐயோ."

"இரு. இன்னும் கிட்ட வந்தோம். அவன் நுனிக்கால்ல நின்னு எட்டி எட்டிப் பாக்கறான். தெருப் பக்க வாசலை. உள்ள வர்ற ஒவ்வொருத்தன் மூஞ்சியையும் பாக்கறான். பக்கத்துல ஒரு பொம்பளை, ஜெனட்தான் போல, கையைப் பிடிச்சு இழுக்கறா, வரமாட்டேங்கிறான்."

தன் படகில் அண்ணன் இல்லை என்றால், பிந்தித் தெருவழியாகத்தானே வருவான்? அதனால்தான் கெல் தண்ணீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றிருக்கிறார். பின்னாலிருந்து அண்ணன் படகில் வருகிறான் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

"இறக்குப்பலகையைப் போட்டாங்க. எறங்கினேன். பதினஞ்சு அடி இருக்கும். அவன் திரும்பல."

"அப்புறம்? கூப்பிட்டீங்களா?"

டேரல் என்னைப் பார்த்தார். முதல் தடவையாக நேராக. பிறகு குழாயை எடுத்துக்கொண்டு தக்காளிப் பக்கம் போனார்.

"நீதானே கதை எழுதறே? எழுதிக்கோ."

நான் பெவ்விடம் கேட்கவில்லை. ஜெனட்டுக்கும் எழுதவில்லை. மூன்றாவது முடிவு ஒன்றை எழுத உட்கார்ந்தேன், ஐந்து நாள் உட்கார்ந்தேன். டேரலின் வாயைத் திறக்க என்னால் முடியவில்லை. ஏழு வாரம் அந்த மறியல் வரிசையில் வெயிலில் நின்றவள் இல்லை நான். ஒரு கருங்காலியின் பெயரைத் திரும்ப உச்சரிக்க இந்த ஊர் எனக்கு அதிகாரம் கொடுக்கவில்லை.

உங்களுக்கும் கொடுக்கவில்லை. ஆனால் நீங்கள் இந்த ஊர்க்காரர் இல்லை, யாரும் உங்களைக் கேட்கமாட்டார்கள். சாயங்கால வெயில். பதினைந்து அடி தூரத்தில் ஒருவர் இன்னும் தெருவையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவர் பெயருக்கு ஒரு மூச்சுகூட வேண்டாம், அவ்வளவு சின்னப் பெயர். மனதுக்குள் படித்தால் அவருக்குக் கேட்காது. கூப்பிடுவதானால், வாய்விட்டுக் கூப்பிடுங்கள்.