பிரிக்காத வாஷிங் மெஷின்

பேச்சியம்மாள் ஒரு பொருளை வாங்கக் கிளம்பினால் அன்றைக்குக் கடைக்காரனுக்கு வேறு வியாபாரம் ஓடாது. மகள் மணிமொழியின் கல்யாணச் சீருக்கு வாஷிங் மெஷின் பார்த்தபோது தி.நகர்க் கடைகள் அவளிடம் படாதபாடு பட்டன. அவள் வீட்டு மெஷின் முந்தின ஆடியில்தான் மண்டையைப் போட்டிருந்தது. உள்ளே ஒரு பேரிங் போனதற்கு முழு மெஷினையும் எடைக்குப் போட வேண்டியதாயிற்று. அந்த எரிச்சல் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

மெஷின் பழுது பார்க்கிற ஷரீஃபைத் தேடி மந்தைவெளிக்கே போய்விட்டாள்.

"கண்ணாடிக் கதவப் பாத்து ஏமாறாதக்கா," என்றான் ஷரீஃப். "உள்ள தொட்டி போல்ட்டு போட்டுக்கீதா, ஒட்டிக்கீதான்னு கேளு. போல்ட்டுன்னா கயட்டி பேரிங் மாத்திக்கலாம். ஒட்டினதுன்னா தூக்கிக் கடாச வேண்டியதுதான்."

அதன் பிறகு விட்டாளா? போல்ட்டா, ஒட்டா என்று கடை கடையாகக் குடைந்தாள். உதிரிப் பாகம் ஊருக்குள் கிடைக்குமா என்று கேட்டாள். அதே மாடலை வைத்திருந்த அபிராமபுரத்து அம்மாள் ஒருத்தியின் வீட்டுக்கே போய், மெஷின் ஓடும்போது தரை அதிர்கிறதா என்று நின்று பார்த்துவிட்டு வந்தாள். கடைசியில் பளபளப்பில்லாத, குமிழைத் திருகுகிற மெஷின் ஒன்றைப் பிடித்தாள். "நம்ம கௌரவத்துக்கு இதா?" என்று கணவர் மாணிக்கவாசகம் முனகினார். அவர் பேச்சு எடுபடவில்லை.

மாப்பிள்ளை வெங்கடேஷ் விஷயத்தில் அவள் இவ்வளவு மெனக்கெடவில்லை. "நம்ம ஊர்ப்பக்கத்து ஆளுக, அடையாறுல சொந்த வீடு, தங்கமான பையன்" என்று நாத்தனார் சொன்னாள். ஜாதகம் பொருந்தியது. அவ்வளவுதான். பெண் பார்த்துவிட்டுப் போன அன்று மணிமொழி, "அவங்கம்மா மூஞ்சியப் பாத்துப் பாத்துத்தாம்மா பதில் சொல்றாரு" என்றாள். பேச்சியம்மாள் அப்போது இரண்டு மெஷின் விளம்பரத் தாள்களைக் கையில் வைத்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள். "அடக்கமான பையன் ஏட்டி" என்று சொல்லிவிட்டுத் தாளைத் திருப்பினாள்.

கல்யாணத்துக்குப் பிறகு மகளிடம் போனில் பேசும்போதெல்லாம் முதல் கேள்வி, "மெஷின் எப்படி ஓடுது?" என்பதுதான்.

"நல்லா ஓடுதும்மா."

பேச்சியம்மாளுக்குப் பெருமை பிடிபடாது. எதிர்வீட்டுக்காரியிடம்கூடச் சொல்லியாகிவிட்டது.

கார்த்திகைக்குப் பொரியுருண்டை பிடித்து எடுத்துக்கொண்டு, முன்கூட்டிச் சொல்லாமல் அடையாறுக்குப் போனாள். கதவைத் திறந்த மணிமொழிக்கு முழங்கை வரை சோப்பு நுரை. குளியலறையில் வீட்டு ஆட்கள் அத்தனை பேர் துணியும் குவிந்து கிடந்தது. மகளின் விரலிடுக்கெல்லாம் வெந்து தோல் உரிந்திருந்தது. மெஷின் பால்கனி மூலையில், அட்டைப்பெட்டிகூடப் பிரிக்காமல், பழைய போர்வையைப் போர்த்திக்கொண்டு நின்றது.

சம்பந்தி ஜோதிலட்சுமி கொஞ்சமும் கூசவில்லை. "பிரிச்சா பழசாயிருமுல்லா மதினி? தையில எம்மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்கோம், அவ சீருக்கு ஆச்சு. நீங்க பாத்துப் பாத்து வாங்குன பொருள், லேசுல கெட்டுப்போகாதுல்லா."

கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்த வெங்கடேஷ் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். பிறகு தலையை ஆட்டினான்.

பேச்சியம்மாள் பொரியுருண்டைப் பையைக் கீழே வைத்தாள். மகளைத் தனியே இழுத்துக்கொண்டு போனாள். "ஏட்டி, இத்தன நாளா நல்லா ஓடுதுன்னு ஏன் பொய் சொன்ன?"

"நீ அத மட்டுந்தானம்மா கேட்ட." மணிமொழி அழவில்லை. "நான் எப்படி இருக்கேன்னு ஒரு தடவ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

கன்னத்தில் அறைந்திருந்தால்கூடப் பேச்சியம்மாள் தாங்கியிருப்பாள். மெஷினுக்காக முன்பின் தெரியாதவள் வீட்டுப் படியேறிய கால், பெண்ணைக் கொடுக்கிற வீட்டுக்கு நிச்சயத்தன்று தட்டோடு வந்ததோடு சரி. அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கத் தோன்றவில்லை. தன்மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது.

"ஒன் துணிமணிய எடுத்து வை. போவோம்."

"அப்பா?"

"அப்பாட்ட நான் பேசிக்கிடுதேன்."

ஊறவைத்த துணியை அப்படியே போட்டுவிட்டு மணிமொழி கிளம்பினாள். தடுப்பாள் என்று பார்த்தால், வாசல்வரை வந்த ஜோதிலட்சுமிக்குக் கவலை வேறாக இருந்தது. "கோவத்துல மெஷினத் தூக்க ஆள் அனுப்பிராதீக மதினி."

பேச்சியம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "ஒங்க மகளுக்கே குடுங்க. நல்ல மெஷின், நான் விசாரிச்சது. மாப்பிள்ளைய மட்டும் நீங்க விசாரிச்சுக்கிடுங்க."