பதினேழாம் நம்பர் சென்ட்

நான்காவது மாடி ஏறி முடித்ததும் மூக்கக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். லிஃப்ட் ஓடவில்லை. அந்தக் கட்டடத்தில் அவள் பார்க்க வந்த ஆள் ஒரு லிஃப்ட் மெக்கானிக். நினைத்தால் சிரிப்பு வரவேண்டிய விஷயம்தான். அவளுக்கு முழங்கால் வலிதான் வந்தது.

அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. ஆண்களுக்கான சென்ட் தயாரிக்கும் கம்பெனியில் பதினோரு வருஷமாக அவளுக்கு ஒரே வேலை. புதிதாகக் கலந்த சென்ட்டைப் பாட்டிலில் நிரப்பி, கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத எட்டு ஆண்களிடம் கொடுப்பாள். அவர்கள் தினமும் அதை அடித்துக்கொள்ள வேண்டும். ஏழாம் நாள் போய் அவர்கள் மணிக்கட்டை முகர்ந்து பார்த்து, அபிப்பிராயத் தாளை நிரப்பி வாங்குவாள். முப்பதாம் நாள் மறுபடி போய்ப் பாட்டிலில் மிச்சம் எவ்வளவு என்று பார்த்துத் திரும்ப எடுத்து வருவாள். ஊரான் கையையெல்லாம் மோந்து பார்க்கிற அக்கா, அதனால் மூக்கக்கா. இந்த வேலைக்காக அவள் வீட்டில் வாசனைச் சோப்பு கிடையாது, பவுடர் கிடையாது. வேலை நாளில் காலையில் வீட்டில் தாளிப்பதுகூடக் கிடையாது.

இந்தத் தடவை கொண்டுபோனது பதினேழாம் நம்பர். முதலில் மிளகும் கிராம்பும் முகத்துக்கு வரும், அரை மணியில் அவை அடங்கி மரத்தின் வாசனை நிற்கும். அதைக் கலந்தவர் அவள் கணவர். யார் கலந்தது என்று தெரியாமல் சோதிக்க வேண்டும் என்பது கம்பெனி விதி. கலந்த ஆளும் சோதிக்கிற ஆளும் ஒரே பாயில் படுத்துக்கொண்டால் விதி பாவம் என்ன செய்யும்? வேறு ஆள் இல்லாததால் மேனேஜர் கண்டும் காணாமல் விட்டிருந்தார்.

கணவர் பதினாலு வருஷமாகக் கலவை அறையில் தராசுக்கு முன்னால் உட்கார்ந்து, பிறர் எழுதிக் கொடுத்ததை நிறுத்துக் கொடுத்தவர். பதினேழுதான் அவர் சொந்தமாக எழுதியது. "ஒரே ஒரு சான்ஸ்" என்று மேனேஜர் சொல்லியிருந்தார். தாளின் கடைசிக் கேள்வி, 'காசு கொடுத்து வாங்குவீர்களா?' எட்டுப் பேரில் ஆறு பேராவது ஆமாம் என்று எழுத வேண்டும். இல்லாவிட்டால் பதினேழு சாக்கடைக்குப் போகும், அவர் மறுபடி தராசுக்குப் போவார்.

ஏழாம் நாள் தாள்கள் வந்தபோது ஐந்து ஆமாம், மூன்று இல்லை.

சலூன்காரர் ஆமாம் சொன்னவர். "புது அலமாரியத் திறந்த மாதிரி இருக்குக்கா. தாடி எடுக்க உட்கார்றவன்லாம், என்னண்ணே மரக்கடை வெச்சிட்டீங்களான்னு கேக்கறான். ஆனா கேட்டுட்டு இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்கார்றான்."

பஸ் டிரைவர் இல்லை சொன்னவர். "இது சென்ட்டா, பல்வலி மருந்தா? கண்டக்டர் தும்மித் தும்மி ரெண்டு ஸ்டாப்பு டிக்கெட்டே கிழிக்கல. அந்த நஷ்டத்த உங்க கம்பெனி குடுக்குமா?"

லிஃப்ட் மெக்கானிக் மனைவியை முன்னால் தள்ளினார். அந்த அம்மாள், "மிளகத் தண்ணில கரைச்சு மூஞ்சில ஊத்துன மாதிரி இருக்கு. இத அடிச்சுக்கிட்டு வந்தா நான் என் அம்மா வீட்டுக்குப் போயிடுவேன்னு சொல்லிட்டேன்" என்றாள். மெக்கானிக் தாளில், 'வாங்க மாட்டேன். மனைவி இருக்கிறாள்' என்று எழுதிக் கொடுத்தார். மூன்றாவது 'இல்லை' ஒரு கணக்கு வாத்தியார். காரணம் எழுத நாலு கோடு விட்டிருந்த இடத்தில் அவர் ஒரே வார்த்தை எழுதினார்: 'எரிச்சல்.'

அன்று ராத்திரியிலிருந்து கணவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். இப்போது முப்பதாம் நாள். மெக்கானிக்கையும் டிரைவரையும் தவிர மற்றவர்களிடம் பாட்டில் வாங்கியாயிற்று. பாட்டில்களை வாங்கிக்கொண்டு போய் நாளைப் பகல் பன்னிரண்டு மணிக்குள் எல்லாவற்றையும் மேனேஜர் மேஜையில் வைத்துவிட்டால் கதை முடிந்தது.

மெக்கானிக் வீட்டுக் கதவு திறந்தது. அவர் மனைவி பாட்டிலை நீட்டினாள். மூக்கக்கா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அடியில் ஒரு விரற்கடை அளவுதான் இருந்தது.

"கொட்டிட்டீங்களா?"

"எதுக்குக் கொட்டணும்? தினம் போட்டுக்கிட்டார்."

"நீங்கதான் அம்மா வீட்டுக்குப் போயிடுவேன்னீங்க."

அந்த அம்மாள் வெட்கப்பட்டாள். "அது மொத வாரம். அப்புறம் என்னமோ அடங்கிப் போச்சு. ரெண்டு வாரமா நல்லாத்தான் இருக்கு. இன்னொரு பாட்டில் கிடைக்குமான்னு அவரே கேக்கச் சொன்னார்."

மூக்கக்கா பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு நாலு மாடி இறங்கினாள். ஒருத்தி மனசு மாறுவது உலகத்தில் நடக்காத விஷயம் இல்லை என்று சொல்லிக்கொண்டாள்.

பஸ் டிப்போவில் டிரைவர் டீ கிளாஸோடு எதிரே வந்தார். பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். அது துடைத்து எடுத்த மாதிரி காலி.

"என்னண்ணே இது? பல்வலி மருந்துன்னு சொன்னீங்க. பல்லு விளக்குனீங்களா?"

"கேலி பண்ணாத மூக்கக்கா. மொதல்ல பிடிக்கலதான். ஆனா தூக்கிப் போட மனசு வரல. ஓசில வந்ததாச்சே! போகப் போக நல்லாயிடுச்சு. கண்டக்டரே ஓசி கேக்கறான். இங்க பாரு." மணிக்கட்டை நீட்டினார்.

அவள் குனிந்து முகர்ந்தாள். காலையில் அடித்தது. மிளகின் குத்தல் இல்லை. ஈரம் காய்ந்த மரப்பலகை வாசனை, நடுவில் எங்கேயோ மெல்லிய கிராம்பு. கலவை அறையில் கணவர் காட்டியபோது வந்த அதே வாசனை. ஏழாம் நாள் இதே கையில் இந்த வாசனை இல்லை; ஆளுக்கு ஆள் தோல் மாறும் என்று அன்றைக்கு விட்டுவிட்டாள்.

அவள் இன்னொரு தடவை முகர்ந்தாள்.

"அக்கா, அந்தத் தாள்ல வேணா ஆமான்னு மாத்திக்கோ. நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். பொய்யில்லையே, இப்ப எனக்குப் பிடிச்சிருக்கே!"

ஒரே ஒரு ஆமாம். ஐந்தும் ஒன்றும் ஆறு. பேனா அவள் பையில்தான் இருந்தது.

"பாட்டில் மட்டும் குடுங்கண்ணே" என்று வாங்கிக்கொண்டு நடந்தாள். பஸ் டிப்போவில் நின்றுகொண்டு பஸ் ஏறத் தோன்றவில்லை. நடந்தே கம்பெனிக்குப் போனாள்.

ஸ்டோர் ரூம் நோட்டு ஆணியில் தொங்கியது. எந்தப் பாட்டில் எந்த கேனிலிருந்து நிரப்பியது, அந்த கேன் என்றைக்குக் கலந்தது என்று நிரப்பும் ஆள்தான் எழுத வேண்டும். அவள் எழுத்துதான். முதல் ஐந்து பாட்டிலுக்கு ஒரு தேதி. ஆறு, ஏழு, எட்டுக்கு வேறு தேதி. நடுவில் நாற்பது நாள் வித்தியாசம்.

அந்த நாள் ஞாபகத்துக்கு வந்தது. ஐந்து பாட்டில் நிரப்பியதும் சாப்பாட்டு மணி அடித்தது. திரும்பி வந்தபோது ஸ்டோர்காரர் பழைய கேனை உள்ளே தள்ளிவிட்டு, முந்தாநாள் கலந்த புதுக் கேனை முன்னால் வைத்திருந்தார். இரண்டிலும் '17' என்று ஒரே ஸ்டிக்கர். அவள் கேனைப் பார்த்துத் தேதியை நோட்டில் எழுதினாள். எழுதிய தேதியைப் படிக்கத்தான் இல்லை. சாராயத்தில் கலந்த எண்ணெய் இரண்டு மூன்று வாரமாவது இருட்டில் ஊறினால்தான் மிளகு அடங்கும், மரம் எழும்பும். இது கம்பெனியில் கூட்டிப் பெருக்குகிற ஆளுக்கும் தெரியும். டிரைவருக்கும் மெக்கானிக்குக்கும் வாத்தியாருக்கும் அவள் ஊறாத சரக்கைக் கொடுத்திருக்கிறாள். அது அவர்கள் வீட்டு அலமாரியில் உட்கார்ந்து, தன் பாட்டுக்கு ஊறியிருக்கிறது.

கணவர் வீட்டில் சட்டையைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் செருப்பைக்கூட விடாமல் சொல்லி முடித்தாள்.

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு, "தேதியப் பாக்கலையா?" என்றார்.

"எழுதுனேங்க. பாக்கல."

"பதினோரு வருஷமா இதத்தானே பண்றே?"

"பதினோரு வருஷமாப் பண்றதாலதான் பாக்கல."

அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். எழுந்து ஜன்னல் வரை போனார். கோபத்தைத் தூக்கிச் சுமக்கவும் தெம்பு வேண்டுமே, திரும்பி வந்து அதே நாற்காலியில் விழுந்தார்.

"டிரைவர்தான் மாத்தித் தர்றேன்னு சொல்றாரே. வாங்கிட்டு வந்துடு. அவருக்கு நெஜமாவே பிடிச்சிருக்கு. இதுல என்ன பொய்?"

"ஏழாம் நாள் தாளத் திருத்தக் கூடாதுங்க."

"அப்ப போய் ஒத்துக்கப் போறியா? ஏற்கெனவே ரெண்டு மெமோ இருக்கு ஒம் பேர்ல. மூணாவது வந்தா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அதுவும் என் பொண்டாட்டியே போய், ஏங்க, தப்பு என்னுது, சென்ட் மேல தப்பில்லன்னு சொன்னா எவன் நம்புவான்? புருஷனக் காப்பாத்த நாடகம் ஆடறாம்பாங்க."

"ஆடறான்னுதான் சொல்வாங்க."

"பேசாம அஞ்சு மூணுன்னே குடுத்துடு. நான் தராசுக்கே போறேன். எனக்கென்ன, பழகின இடம்."

அப்படிச் சொன்னபோது அவர் தன் விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கக்கா செருப்பை விட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள். சோறு ஆறிப் போயிருந்தது. இருவரும் அதையே சாப்பிட்டார்கள்.

மறுநாள் பதினொன்றரைக்கு மேனேஜர் அறை. மேனேஜர் அம்மாளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. மேஜை நிறைய மூடி திறந்த பாட்டில்கள், நடுவில் தலைவலித் தைலம். மூக்கக்கா தாள்களை வைத்தாள். எட்டுப் பாட்டில்களை வரிசையாக வைத்தாள். அதன் பக்கத்தில் ஸ்டோர் ரூம் நோட்டைத் திறந்து வைத்து, விரலால் தேதியைத் தொட்டாள்.

மேனேஜர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். ஆறாவது பாட்டிலைத் திறந்து முகர்ந்தார். நோட்டைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"இத நீ நேத்து ராத்திரி எழுதலைங்கறதுக்கு என்ன சாட்சி?"

"அடுத்த பக்கத்துல பதினெட்டாம் நம்பர் எழுதியிருக்கேன் மேடம். அதுல உங்க கையெழுத்து இருக்கு. மூணு வாரமாச்சு."

மேனேஜர் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். அவர் கையெழுத்துதான்.

"நீ வாயத் திறக்காம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"தெரிஞ்சிருக்காது மேடம்."

"உன் புருஷன் சொல்லி அனுப்பினாரா?"

"வேணாம்னு சொன்னார்."

மேனேஜர் தைலத்தை எடுத்து நெற்றியில் தடவிக்கொண்டார். சென்ட் கம்பெனி மேனேஜர் தைலம் தடவினால் அன்றைக்கு இனி முகர்கிற வேலை இல்லை என்று அர்த்தம்.

"சரி. அந்த மூணு பேருக்கும் ஊறின கேன்லேருந்து புதுசாக் குடுக்கணும். ஏழு நாள். நீ அந்தப் பக்கமே போகக் கூடாது. வேற யார அனுப்பறது? ஆளே இல்ல. நானே போய்த் தொலையறேன்." மேஜை டிராயரை இழுத்து ஒரு காகிதம் எடுத்தார். "உனக்கு மெமோ. மூணாவது. வெளில அனுப்பல. ஆனா இனிமே ஊர் சுத்தற வேலை கிடையாது. பாட்டில் கழுவற பிரிவுக்குப் போ. அங்க தேதி எழுத வேண்டியதில்ல."

"சரி மேடம்."

"அந்த மெக்கானிக் எத்தனாவது மாடி?"

"நாலு மேடம். லிஃப்ட் ஓடாது."

மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார்.

பாட்டில் கழுவுகிற இடத்தில் நீளமான தகரத் தொட்டி, சுடுதண்ணீர்க் குழாய், பலகை ஸ்டூல். ஏழு நாளும் மூக்கக்கா அந்த ஸ்டூலில் உட்கார்ந்து கழுவினாள். பக்கத்தில் கழுவுகிறவள், "என்னக்கா, மூக்க விட்டுட்டுக் கைக்கு வந்துட்டீங்க" என்றாள். மூக்கக்கா சிரித்து வைத்தாள். விரல் நுனி வெந்து வெளுத்தது. கணவர் காலையில் அவளோடு வந்தார், சாயங்காலம் அவளோடு போனார். நடுவில் இருவரும் பதினேழைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

எட்டாம் நாள் சாயங்காலம் அவர் கழுவுகிற இடத்துக்கே வந்தார். காலிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். முகத்தைப் பார்த்து அவளால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. களைத்த முகத்தில் நல்ல சேதியும் கெட்ட சேதியும் ஒரே மாதிரித்தான் உட்காரும்.

"சொல்லுங்க."

"மெக்கானிக் இல்லைன்னுட்டார்."

அவள் கையிலிருந்த பாட்டில் தொட்டியில் முங்கியது. "ஏன்? இன்னொரு பாட்டில் கேட்டாங்களே!"

"சென்ட்டெல்லாம் நல்லாத்தான் இருக்காம். ஓசின்னா இன்னும் நாலு பாட்டில் குடுங்கன்னாராம். காசு குடுத்து வாங்குவீங்களான்னா, மாட்டேன்னு எழுதிட்டார்."

"டிரைவர்?"

"அவரும் இல்லைன்னுட்டார். போன தடவை குடுத்ததுதான் நல்லா இருந்துச்சாம். மொதல்ல சுள்ளுன்னு பிடிச்சு, நாளாக நாளாப் படிஞ்சு வருமாம். இது மொத நாளே சாதுவா இருக்கு, கிக்கு இல்லன்னு எழுதிக் குடுத்திருக்கார்."

மூக்கக்கா முங்கிய பாட்டிலைத் தேடி எடுத்தாள். டிரைவர் மாற்றித் தருவதாகச் சொன்ன அந்த ஒரு கையெழுத்தை நினைத்துக்கொண்டாள். தனக்காக இல்லாவிட்டாலும் கணவருக்காகவாவது வாங்கியிருக்கலாமோ?

"வாத்தியார்?" என்று கேட்டாள்.

"அவர் நாலு கோட்டையும் நிரப்பி, பத்தாம பின்பக்கமும் எழுதியிருக்கார். வாங்குவீங்களான்னு கேட்ட எடத்துல, எங்கே கிடைக்கும்னு எழுதியிருக்கார்."

அவள் விரலை மடக்கினாள். ஐந்து. அதோடு ஒன்று.

"ஆறு."

"ஆறுதான். அடுத்த மாசம் பெரிய கலவைக்குப் போகுதாம். மேனேஜர் இப்பதான் சொன்னாங்க. சொல்லிட்டு முட்டியத் தேய்ச்சுக்கிட்டாங்க."

குழாய் திறந்தபடியே ஓடிக்கொண்டிருந்தது. அவர் எட்டி அதை மூடினார். அவள் வெளுத்த விரல்களைப் பார்த்தார், ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"என்னால உனக்கு..."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. தேதியப் பாக்காதது நான்தானே."

"இருந்தாலும் ரெண்டு பேருக்குப் பிடிக்கலையே. பதினாலு வருஷம் யோசிச்சுக் கலந்தது."

மூக்கக்கா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"எட்டுக்கு ஆறு போதாதா உங்களுக்கு? நம்ம கல்யாணத்துக்கு நம்ம ரெண்டு வீட்லயும் சேர்த்து மூணு பேர்தான் சரின்னாங்க. எந்திரிங்க, பஸ் போயிடும்."