சாப்பாடு மாற்றியவர்

இதனால் பல்கலைக்கழகத்தின் சகல துறைகளுக்கும் அகில உலக அறிவியலுக்கும் தெரிவிக்கப்படுவது யாதெனில், உயிர்ப்பொறியியல் ஆய்வகத்தின் முதுநிலைத் தொழில்நுட்ப உதவியாளர் ஞாயிறு காலை இயற்கை எய்தினார்; இது ஈடுசெய்ய முடியாத இழப்பு; அன்னாரின் நினைவைப் போற்றும் வகையில் ஆய்வகம் திங்கள் முதல் மூன்று நாட்கள் மூடப்பட்டிருக்கும். அதே தாளின் இரண்டாவது அறிவிப்பு, ஈடுசெய்ய முடியாத அந்தப் பணியிடத்துக்கு விண்ணப்பிக்கக் கடைசித் தேதி மாத இறுதி என்றது.

உரக்கப் படித்து முடித்த அண்ணன், சுற்றறிக்கையை மடித்துத் தங்கையிடம் கொடுத்தார்.

“அகில உலகம்னு போட்டிருக்காங்க பாரு,” என்றார் பெருமையோடு.

அவள் அதை வாங்கி, குளிர்பெட்டிக் கண்ணாடியில் கோத்திருந்த ஈரத்தைத் துடைத்தாள். உள்ளே அவள் கணவர், வேலைக்குக் கிளம்பிய மழித்த முகத்தோடு படுத்திருந்தார். புதன்கிழமை மதியம். வெளிநாட்டிலிருந்து மகன் வந்து இறங்க சாயங்காலம் ஆகும்.

ஆய்வகத்தில் அவருக்கு ‘ஆயா’ என்று பெயர். குடுவைகளில் வளரும் இதயச் செல்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் பழைய ஊட்டத் திரவத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதை ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் செத்துவிடும். அதை அவர் ‘சாப்பாடு மாத்தறது’ என்பார். பேராசிரியர்கள் மாநாட்டுக்குப் போனார்கள், மாணவர்கள் கல்யாணம் செய்துகொள்ளப் போனார்கள். செல்களுக்கு விடுமுறை கிடையாது, ஆகவே ஆயாவுக்கும் கிடையாது. இருபத்திரண்டு வருடத்தில் மைத்துனி கல்யாணத்துக்குப் பந்தி முடிந்து வந்தார். மகனின் பட்டமளிப்பு விழாவைப் புகைப்படத்தில் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை, நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே செருப்பு மாட்டினார்.

“ஒரு நாள் போகலன்னா குடியா முழுகிரும்?” என்றாள்.

“செத்துப்போயிரும்மா.”

“சாகட்டும்.”

கதவைச் சாத்தினாள். பேருந்து நிறுத்தம் நாலு எட்டுதான். பேருந்து வருவதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இலக்கண ஆசிரியர்கள் இதைத் தோன்றா எழுவாய் என்பார்கள். யார் சாகட்டும், எது சாகட்டும் என்பது அந்தச் சொல்லில் இல்லை. மூன்று நாளாக அவள் அதற்கு எழுவாய் தேடிக்கொண்டிருந்தாள். செல்களைத்தான் சொன்னேன் என்று ஒரு மணிக்கு முடிவு செய்வாள். இரண்டு மணிக்கு அது நிற்காது.

வாசலில் சலசலப்பு. பேராசிரியர் வந்தார், அவரைவிட அகலமான மலர்வளையம் வந்தது, பின்னால் துறையே வந்தது. நாலு பேர் சேர்ந்து நின்றால் அதைக் கருத்தரங்கமாக நினைக்கும் மனிதர் அவர். பெட்டியின் தலைமாட்டில் நின்று தொண்டையைச் செருமினார்.

“இவர் மறையவில்லை! தாம் வளர்த்த செல்களில் வாழ்ந்துகொண்டிருக்கிறார். பழுதான இதயங்களுக்கெல்லாம் நாளை ஒட்டுப் போடப் போகிற செல்கள் அவை...”

“சார், அதுல ஒரு ஒட்டு மாப்பிள்ளைக்குப் போட்டிருக்கலாமே?” அண்ணன் குத்தலுக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“இப்போதைக்கு எலி வரைக்கும்தான் வந்திருக்கோம்.”

“எலிக்காவது கொடுத்து வெச்சிருக்கு,” என்றார் அண்ணன்.

அப்போதுதான் அவள் வாயைத் திறந்தாள். “அதுங்களுக்கு யாரு சாப்பாடு மாத்தினது?”

பேராசிரியர் துறையைப் பார்த்தார். துறை, ஆராய்ச்சி மாணவியைப் பார்த்தது. மாணவி தரையைப் பார்த்தாள்.

“லேப் மூடியிருக்கேம்மா,” என்றார் பேராசிரியர். “அவருக்கு மரியாதையா.”

கணவர் கடைசியாக மாற்றியது வெள்ளிக்கிழமை. அவர் போய்விட்டார், அவையும் போய்விட்டால், அவள் சொன்ன சொல் எந்தப் பக்கம் திருப்பினாலும் பலித்ததாகிவிடும். எழுந்து மாணவியின் கையைப் பிடித்தாள்.

“வா, போலாம்.”

“பொணத்தை வீட்ல வெச்சுக்கிட்டு எங்க போறே நீ?” அண்ணன் பதறினார். “நாலு பேர் என்ன சொல்லுவாங்க?”

“நாலு பேரும் இங்கதானே இருக்காங்க. அவங்க சொல்லி முடிக்கறதுக்குள்ள வந்துடறேன்.”

மாணவியின் ஸ்கூட்டரில் பத்து நிமிடம். இருபத்திரண்டு வருடத்தில் அவள் அங்கே போனதில்லை. “ஒரு நாள் வந்துதான் பாரேன்” என்று அவர் கூப்பிட்டதுண்டு. “சக்களத்தி வீட்ல எனக்கென்ன வேலை?” என்பாள். நாலாவது முறையோ ஐந்தாவது முறையோ, அவர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

மாணவி அவளுக்குக் கையுறை மாட்டிவிட்டு, அதன்மேல் சாராய வாடை அடிக்கும் எதையோ பீய்ச்சினாள். இன்குபேட்டரின் கதவைத் திறந்தாள். சக்களத்தி, உள்ளங்கை அகலத்தில் ஆறு தட்டைக் குடுவைகளாக, சத்தமில்லாமல் படுத்திருந்தாள். ஒவ்வொன்றின் மேலும் அவர் கையெழுத்தில் தேதி. சிவப்பாக இருக்கவேண்டிய திரவம் மஞ்சளாகியிருந்தது.

“இவ்வளவுதானா?” என்றாள்.

மாணவி ஒவ்வொன்றாக நுண்ணோக்கியில் வைத்துக் குனிந்தாள். நெடுநேரம் நிமிரவில்லை.

“சொல்லும்மா.”

“நாலு போயிருச்சு ஆன்ட்டி. ரெண்டுல கொஞ்சம் உயிர் இருக்கு.”

“ரெண்டு போதும்.”

கண்ணாடித் தடுப்புக்குக் கீழே கையை நுழைத்து மாணவி மஞ்சளை உறிஞ்சி எடுத்தாள். புதிதைத் தானே ஊற்றுவதாக அவள் சொன்னாள்.

“ஓரமா, மெதுவா ஆன்ட்டி. நேரா ஊத்தினா செல் பேந்துக்கிட்டு வந்துரும்.”

ஓரமாகவே ஊற்றினாள். பிறகு நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள். முதலில் தன் இமைமயிர்தான் தெரிந்தது. அப்புறம் பாசி மாதிரி ஒரு படலம்; அதன் மூலையில் ஏதோ சுருங்கியது, விரிந்தது. மறுபடி சுருங்கியது.

“துடிக்குதே!”

“அது இதயச் செல்தானே ஆன்ட்டி.”

அவள் கண்ணை எடுக்கவில்லை. வீட்டிலிருந்து அண்ணன் கூப்பிட்டார், கைப்பேசி அதிர்ந்து அடங்கியது.

“இதை வெச்சு எப்பம்மா மனுஷங்களுக்கு ஒட்டுப் போடுவீங்க?”

மாணவி கையுறையைக் கழற்றினாள். என்ன நினைத்தாளோ, மறுபடி மாட்டிக்கொண்டாள்.

“ஒட்டுக்கு இப்ப வேற செல் வளர்க்கறோம் ஆன்ட்டி. அது மாடியில. இது பழைய ஆராய்ச்சி.”

“பழசுன்னா?”

அந்த ஆராய்ச்சி முடிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஆயாவிடம் நிறுத்தச் சொல்ல எல்லோரும் மறந்திருந்தார்கள்.