கன்றுக்கயிறு

ரைகர் எப்போது வைரவர் வடையை மறுக்கிறதோ, அன்றைக்குத்தான். அதுவரைக்கும் நாய் எங்களோடு இருக்கும். நானும் இவரும் அப்படித்தான் பேசி முடிவெடுத்திருந்தோம்.

யாழ்ப்பாணத்தை விட்டுப் பரந்தனுக்கு அப்பால் வயல் செய்ய வந்த முதல் வருடமே வளர்க்கத் தொடங்கிய நாய். வயற்கரைப் பாலைமரத்தின் கீழ் ஒரு கல்லை நட்டு, அதை வைரவர் என்று கும்பிட்டோம். வெள்ளிக்கிழமைகளில் வடை சுட்டுப் படைப்பேன். நாய் வைரவருடைய வாகனம் என்பதால் படைத்ததில் முதல் வடை ரைகருக்கு.

கதிர் முற்றிய காலத்தில் ஒரு காட்டுப்பன்றி இவர்மேல் பாய்ந்தது. ரைகர் குறுக்கே விழுந்தது. காது கிழிந்தது ஆறிவிட்டது. இடுப்புக் காயம் ஆறவில்லை. பின்னங்கால்கள் இழுபட்டன. நான் வேப்பெண்ணெய் விட்டுப் புழு எடுக்கும்போது இவர் மூக்கைப் பொத்திக்கொண்டு அப்பால் போய்விடுவார்.

"பக்கத்து வயல் மயில்வாகனத்தாரிட்டத் துவக்கு இருக்கு. ஒரு வெடி போதும்," என்றேன். "ஆனா நான் பக்கத்தில இருக்கவேணும்."

"ஓம். நீ சொல்லுற நாளில," என்றார். வைரவர் கல்லைத் தொட்டுத்தான் சொன்னார்.

பிறகு பளையில் தங்கை இராசேஸ்வரிக்குப் பிள்ளை பிறந்தது. பத்தியம் சமைத்துக் கொடுக்கப் போனேன். திரும்பி வந்தபோது ரைகர் படுக்கும் சாக்கு வெறுமையாகக் கிடந்தது. இவர் என்னைக் கிணற்றடிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய் ஒரு மண்மேட்டைக் காட்டினார். தலைமாட்டில் ஒரு கல், அதில் திருநீறு.

"நித்திரையிலயே உயிர் போட்டுது. வருத்தப்படேல்லை."

நான் இல்லாமல் போய்விட்டதே என்று அழுதேன். திருநீறு பூசவாவது இவருக்குத் தோன்றியதே என்று உள்ளுக்குள் நன்றியும் இருந்தது. அதை நினைக்கத்தான் இப்போதும் கூசுகிறது.

வெள்ளிக்கிழமை வடையைக் கொண்டுபோய் மேட்டில் வைத்தேன். அப்போது படலையடியில் மீராசாகிபு நானாவின் மாட்டுவண்டி வந்து நின்றது. முல்லைத்தீவிலிருந்து தேங்காய் கொண்டுவந்து விற்பவர்.

"வடை ஆருக்கு, பிள்ளை?"

"ரைகருக்கு. செத்துப்போச்சுது, நானா."

அவர் சிரித்தார். "செத்ததோ? செத்தது என்ர வண்டிக்குள்ள கிடந்து கொட்டாவி விடுது. வந்து பாருங்கோ."

தேங்காய்களுக்கு நடுவே, சாக்கில் சுற்றியபடி, ரைகர்.

"மாங்குளத்துக்கு இஞ்சால காட்டுக்கரையில கிடந்தது. கிழிஞ்ச காதைக் கண்டுதான் பிடிச்சனான். நான் தூக்கினது என்ர மனுசி கைருன்னிஸாவுக்குத் தெரியக்கூடாது. நாயைத் தொட்டதெண்டு ஏழுதரம் கழுவிப்போட்டுத்தான் என்னை உள்ளுக்கு விடுவா." நாயின் கழுத்தைக் காட்டினார். "ஆரோ படுபாவி மரத்தில கட்டிப்போட்டுப் போயிருக்கிறான். கடிச்சு அறுத்திருக்கு."

கழுத்தில் தொங்கியது எங்கள் கன்றுக்கயிறு. என் பழைய சேலையின் நீலக் கரையை வைத்து நானே திரித்தது. பளையிலிருந்து வந்த நாள்தொட்டு அதைத் தேடிக்கொண்டிருந்தேன். கறையான் தின்றிருக்கும் என்று இவர் சொல்லியிருந்தார்.

இவர் வயலிலிருந்து வந்தார். வண்டியடியில் வந்ததும் நின்றுவிட்டார். நிலத்தில் இறக்கிவிட்டிருந்த ரைகர் அவரைக் கண்டு வாலை ஆட்டியது. பிறகு முன்னங்கால்களால் மண்ணை இழுத்து இழுத்து அவருடைய காலடிக்குப் போனது. என்னிடம் வரவில்லை.

மீராசாகிபு நானா கயிற்றையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தார். தேத்தண்ணீர் குடிக்காமலே வண்டியைத் திருப்பினார்.

வண்டி மறைந்தபின் இவர் பேசினார். "சுடுவிச்சா வைரவர் சும்மா விடுவாரோ? காட்டில விட்டா அது அதின்ர பாடு. எங்கட கையில பழி இல்லை."

"அப்ப ஏன் கட்டினீங்கள்?"

குசினிக்குள் உலை கொதித்து வழியும் சத்தம் கேட்டது. இருவருமே போய்ப் பார்க்கவில்லை.

"பின்னால வரும் எண்டு..."

இழுபடும் கால்களோடும் அது தன்னைத் தேடி வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மேட்டில் வைத்த வடையை எடுத்துப் பிய்த்து ரைகரின் வாயருகே நீட்டினேன். மோந்து பார்த்தது. என் விரலை ஒருமுறை நக்கியது. முகத்தைத் திருப்பிக்கொண்டது.

விடிந்ததும் நானே போய் மயில்வாகனத்தாரைத் துவக்கோடு கூட்டிவந்தேன். இவரிடம் மண்வெட்டியைக் கொடுத்து அந்த மேட்டிலேயே வெட்டச் சொன்னேன். மேல்மண்ணை விலக்கியதும் கீழே வெட்டாத இறுகல் தரை. பொய்க்காகக்கூட அவர் ஒரு குழி வெட்டியிருக்கவில்லை. எங்கிருந்தோ மண்ணை அள்ளிவந்து குவித்திருந்தார். இறுகிய தரையில் மண்வெட்டி துள்ளியது. அவர் வேர்த்து வேர்த்து வெட்டினார். நான் ரைகரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்திருந்தேன். கழுத்துக் கயிற்றை நான் அவிழ்த்திருக்கவில்லை.

குழி ஆழமானதும் அதன் ஓரத்தில் சாக்கை விரித்து ரைகரைக் கிடத்தினேன். அதன் கண் என்மேல் நிற்கவில்லை.

"கிட்ட வாருங்கோ," என்றேன். "உங்களைத்தான் தேடுது."

அவர் வர மறுத்துத் தலையாட்டினார்.

"வாருங்கோ. அந்தக் கயிற்றையும் நீங்களே அவிழுங்கோ."

வந்து குந்தினார். முடிச்சு இறுகியிருந்தது. நகத்தால் நெம்பி அவிழ்த்தார். ரைகரின் வால் சாக்கில் மெல்ல மெல்ல அடித்துக்கொண்டிருந்தது. கயிறு கையோடு வந்தபின்னும் அவர் நாயின் கழுத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

நான் மயில்வாகனத்தாரைப் பார்த்துத் தலையசைத்தேன்.

"தம்பி," என்றார் அவர், "கையை எடும்."