அந்தக் கை யாருடையது

வில்லியனூரில் சண்முகசுந்தரத்தின் ஹார்டுவேர் கடைக்கு மேலே ஒரு சின்ன அறை. பெயிண்ட் டப்பாக்கள் அடுக்கியது போக மிச்சமிருந்த இடத்தில் ஒரு மேசையும் விளக்கும் போட்டுக்கொண்டு அவருடைய மகள் அனுப்பிரியா யூடியூப் சேனல் நடத்திவந்தாள். ராப் பாட்டு வீடியோக்களை எடுத்து, கேமரா ஏன் அங்கே நின்றது, எதைக் காட்டியது, எதைக் காட்டாமல் விட்டது என்று பிரித்துச் சொல்வாள். பட்டணத்துப் பாட்டுகளையே பேசிக்கொண்டிருந்தவளுக்கு, பக்கத்துப் பாகூரிலிருந்து மணிபாரதி என்றொரு பையன் போட்ட வீடியோ கண்ணில் பட்டதும் கை பரபரத்தது.

மேலுக்கு அது காதல் தோல்விப் பாட்டு மாதிரிதான் இருந்தது. கரும்புக் கொல்லை, ஒரு கிணறு, ஒரு மோட்டார் கொட்டகை. அனுப்பிரியா அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துவிட்டு மைக்கின் முன்னால் உட்கார்ந்தாள்.

"இந்த வெள்ளச் சட்டக்காரர பாருங்க. பாட்டு முழுக்க வர்றார். ஆனா கழுத்துக்கு மேல ஒரு ஷாட்டுலகூட காட்டல. கேமரா தரையில கெடந்து அவர அண்ணாந்து பாக்குது. அடிபட்டு விழுந்து கெடக்கறவனோட பார்வை இது. அடுத்தது, நடுவுல கட் பண்ணாம கேமரா கிணத்துக்குள்ள எறங்குது. தண்ணியத் தொட்டதும் பாட்டு நின்னுடுது. இது லவ் சாங் இல்லங்க. ஒருத்தன கொன்னு கிணத்துல போட்ட கதை."

கடைசி ஷாட்டுக்கு வந்தபோது அவள் குரலில் கர்வம் ஏறியது. கொட்டகை இருட்டிலிருந்து இரண்டு பெண் கைகள் நீண்டு, ஒற்றைச் செருப்பைக் கேமராவிடம் நீட்டுகின்றன. வலது கட்டைவிரல் மடங்காமல் விறைத்து நிற்கிறது. அனுப்பிரியா அந்த இடத்தில் நிறுத்திப் பெரிதாக்கிக் காட்டினாள். "முகம் இல்ல, கை மட்டும். ஏன்? கொட்டகைக்குள்ள இருந்து எல்லாத்தையும் பாத்தவங்க இவங்கதான்."

அதுவரை அவள் போட்ட எதுவும் அப்படிப் பரவியதில்லை. மறுநாள் மணிபாரதியே போனில் கூப்பிட்டான். நன்றி சொல்லத்தான் கூப்பிடுகிறான் என்று சிரித்துக்கொண்டே எடுத்தாள்.

"அக்கா, அந்த வீடியோவ எடுத்துடுங்கக்கா. இப்பவே."

"ஏன்பா, தப்பா சொல்லிட்டனா?"

"தப்பா சொல்லியிருந்தா நா ஏன் கூப்புடப் போறன்? எல்லாம் கரெக்ட்டா சொல்லிட்டீங்க. அதான் பயமா இருக்குது."

போன வருஷக் கரும்பு வெட்டின்போது அவனுடைய கூட்டாளி தமிழ்க்குமரன், அந்தக் கரும்புக் கொல்லைக்குச் சொந்தக்காரரான மணவாளனின் கிணற்றில் பிணமாகக் கிடந்தான். முந்தின நாள்தான் மணவாளனை எதிர்த்துப் பேசியிருந்தான். குடித்துவிட்டுத் தவறி விழுந்தான் என்று விஷயம் முடிந்துபோனது.

"எங்க ஊருக்கு மட்டும் புரியட்டும்னு எடுத்தன்க்கா. பாக்கறவன் மனசுல குத்தணும், யாரும் வாயத் தொறக்க வேணாம்னு. நீங்க எல்லாத்தையும் தொறந்து வுட்டுட்டீங்க."

அனுப்பிரியா உடனே வீடியோவை நீக்கினாள். அதற்குள் அது துண்டு துண்டாக மடுகரை, மதகடிப்பட்டு வரை போன் போனாகப் போயிருந்தது.

அன்று மதியம் கீழேயிருந்து அப்பாவின் குரல் கேட்டது. "பாப்பா, பாகூர்லேர்ந்து பெரியவரு வந்திருக்காரு. உன் வீடியோவ பாத்தாராம். எறங்கி வா."

கல்லாப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். வெள்ளை முழுக்கைச் சட்டை. வீடியோவில் காட்டாத முகம் இதுதான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. சாதாரண முகம். சிரித்த முகமும்கூட.

"நல்லா பேசறம்மா. எனக்கு இந்தப் பாட்டெல்லாம் புரியாது. நீ சொன்னப்புறந்தான் புரிஞ்சுது," என்றார் மணவாளன். தம்ளரைக் கீழே வைத்தார். "அந்தக் கை யாருதும்மா?"

"தெரியாதுங்க. நடிக்க வந்தவங்களா இருக்கும். பாண்டியிலேர்ந்து யாராவது..."

"நடிக்க வந்தவ மூஞ்சியக் காட்டத்தான ஆசப்படுவா? கட்டவெரல் மடங்கல, நீதான் பெருசாக்கிக் காட்டுன." எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். "நாளைக்கு என் கொல்லையில கரும்பு வெட்டு. கட்டு கட்ட பொம்பளைங்கல்லாம் வருவாங்க. பாத்துக்கறன்."

போகும்போது சண்முகசுந்தரத்திடம், "பொண்ண பத்தரமா பாத்துக்குங்க. புத்திசாலி," என்றார். சண்முகசுந்தரம் பூரித்துப்போனார். அனுப்பிரியா மாடிக்கு ஓடி மணிபாரதிக்குப் போன் போட்டாள்.

சாயங்காலம் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பாகூருக்குப் போனாள். மணிபாரதி ஏரிக்கரையில் காத்திருந்து ஒரு ஓட்டு வீட்டுக்குக் கூட்டிப்போனான். வீடியோவில் கையை நீட்டிய செல்வகுமாரி வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மணவாளன் வந்துபோனதை அனுப்பிரியா சொல்லக் கேட்டுக்கொண்டாள். கட்டைவிரல் மட்டும் கீரைத்தண்டோடு ஒட்டாமல் தனியாக நின்றது.

"இவன் என் மூஞ்சிய மறைச்சான்," என்றாள் மணிபாரதியைக் காட்டி. "நீ ஏன் தொறந்த? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"இப்பவே வண்டியில ஏறுங்கக்கா. எங்கனா போயிடலாம்," என்றாள் அனுப்பிரியா.

"நாளைக்கு நா போவலன்னா, அதுவே அவனுக்கு பதிலு. கரும்புச் சோகை, அந்த எல, கைய அறுக்கும்னு எல்லாருந்தான் வெரலுல துணி சுத்திக்கினு கட்டு கட்டுவோம். யாருக்குத் தெரியப் போவுது? போயிட்டு வந்துடறன்."

மறுநாள் அனுப்பிரியாவும் மணிபாரதியும் கொல்லையை ஒட்டிய ரோட்டில், பனைமரத்தடியில் நின்றார்கள். வெயில் ஏறிய நேரத்தில் மணவாளன் டீ கேனோடு வந்தார். வேலையாளுக்கு அவர் கையால் டீ ஊற்றி யாரும் பார்த்ததில்லை. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"துணிய அவுத்துட்டு வாங்குங்க," என்றார் இதமாக. "டீ கொதிக்குது. துணியில சிந்துனா வெரலு வெந்துபூடும்."

முதலில் நின்ற அமுதம் துணியை அவிழ்த்துவிட்டு வாங்கிக்கொண்டாள். அடுத்து காசம்மாள். மணவாளன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கிளாஸைப் பிடிக்கும் கையை மட்டும் பார்த்தார். வரிசை நகர்ந்தது.

செல்வகுமாரி தன் முறைக்குக் காத்திருக்கவில்லை. வரிசையை விட்டு வெளியே வந்தாள். நடந்துகொண்டே துணியைப் பிரித்தாள். அவர் முகத்துக்கு நேரே கையை நீட்டினாள்.

"இத்தத்தான தேடற? நாந்தான். சோகைக் கட்டுக்குப் பின்னால உக்காந்திருந்தன். கொட்டகையில நீ தமிழ்க்குமரன அடிச்சத பாத்தன். நீயும் உன் டிராக்டர்காரனும் அவன தூக்கிக்கினு போனத பாத்தன். அவன் செருப்பு எங்கிட்டதான் இருக்குது."

கரும்பு வெட்டிக்கொண்டிருந்த ஆட்கள் அரிவாளை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். மணவாளனின் முகம் மாறவேயில்லை. கையிலிருந்த கிளாஸை அவளிடம் நீட்டினார்.

"டீயக் குடி. ஆறிடப் போவுது."

அந்தக் குரல் கேட்டதும் அனுப்பிரியா ரோட்டிலிருந்து கொல்லைக்குள் இறங்கினாள். வரப்பில் ஓடி, போனைத் தூக்கிப் பிடித்து, இரண்டு பேரின் முகமும் முழுசாகத் தெரியும்படி நேரே நின்றாள். மணவாளன் மெதுவாகத் திரும்பினார்.

"இதுக்கு இன்னா அர்த்தம் சொல்லப் போற, பாப்பா?"

"நா ஒண்ணும் சொல்லப் போறதில்லீங்க. அவங்களே சொல்லிட்டாங்க."

பெண்கள் டீ கிளாஸைப் போட்டுவிட்டுச் செல்வகுமாரியைச் சுற்றிக்கொண்டு ரோட்டுக்கு நடந்தார்கள். மணவாளன் தடுக்கவில்லை. நின்ற இடத்திலேயே யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தார்.

அந்தப் படத்தோடு போலீஸுக்குப் போனார்கள். செல்வகுமாரி மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம் கொடுத்தாள். செருப்பையும் ஒப்படைத்தாள். டிராக்டர்காரன் ஊரிலேயே இல்லை. மணவாளன் முன்ஜாமீன் வாங்கிக்கொண்டு தன் வீட்டில்தான் இருந்தார். விசாரணைக்குக் கூப்பிட்டபோதெல்லாம் சலவைச் சட்டையோடு போய்வந்தார். செல்வகுமாரி கடலோரத்துப் பிள்ளைச்சாவடியில் இருந்த தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அனுப்பிரியா அவளைப் பார்க்கப் போனாள். செல்வகுமாரி கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு பேசினாள்.

"நேத்து மீன் எறக்கற எடத்துல ஒருத்தன் நின்னான். மீன் வாங்க வந்தவன் மீன பாக்கணும் இல்ல? பொம்பளைங்க கையையே பாத்துக்கினு இருந்தான். இன்னிக்கும் வந்தான்."

"பயமா இருக்காக்கா?"

"இருக்குது. இல்லாம பின்ன?"

இந்த முறை அனுப்பிரியா கெஞ்சவில்லை. உள்ளே போய் அவளுடைய துணிகளை ஒரு பையில் திணித்தாள், வண்டியைக் கிளப்பினாள். செல்வகுமாரியும் பின்னால் ஏறினாள். வில்லியனூர் மாடி அறையில் மேசையையும் விளக்கையும் ஒதுக்கிவிட்டுப் பாய் விரித்தார்கள். ஜன்னலுக்கு ஒரு பழைய புடவையைக் கட்டினாள் அனுப்பிரியா.

சண்முகசுந்தரத்துக்கு இப்போது எல்லாம் தெரியும். தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, பட்டப்பகலில் கடை ஷட்டரைப் பாதி இறக்கினார்.