வட்ட மேசையில் மிஞ்சிய கோழிக்கால்

வெர்லீன் டப்ஸ் 1971 மார்ச் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணிக்குச் சமையல் ஏப்ரனைக் கட்டினாள். அந்த முடிச்சு அதன்பிறகு பத்தொன்பது வருஷம் அவிழவில்லை. மூன்று கத்தரிக்கோல்கள் மழுங்கின. மரம் அறுக்கும் ஆலையிலிருந்து ஒருவர் ரம்பம் கொண்டுவந்து முயன்று பார்த்தார். ரம்பத்துக்கு இரண்டு பல் போயிற்று. வந்ததற்குச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

மிசிசிப்பியில், டில்லரி என்னும் எங்கள் ஊரில், ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் இருக்கிற எல்லோருக்கும் மதியச் சாப்பாடு வெர்லீன் வீட்டு முன்னறையில்தான். பதினொரு பேர் சுற்றி உட்காரும் ஒரே மேசை, அதன் நடுவில் கையால் தள்ளினால் சுழலும் பெரிய வட்டப் பலகை. பலகை மேல் பொரித்த கோழி, பன்றிக் கொழுப்பில் வெந்த கீரை, மொச்சை, வெண்டைக்காய், சோளரொட்டி, மக்ரோனி. மக்ரோனியை நாங்கள் காய்கறியில் சேர்த்திருக்கிறோம். அதைப் பற்றி யாரும் விவாதிப்பதில்லை. வேண்டியது முன்னால் வரும்வரை பலகையைத் தள்ள வேண்டும், எடுத்துக்கொண்டு அடுத்தவருக்குத் தள்ளிவிட வேண்டும். இந்தச் சாப்பாட்டுக் கடையைத் திறந்த அன்றே வெர்லீன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாள். பலகையில் சாப்பாடு இருக்கும்வரை ஏப்ரனை அவிழ்க்க மாட்டாள், ஏப்ரன் இடுப்பில் இருக்கும்வரை உட்கார மாட்டாள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. தட்டில் மிஞ்சும் கடைசித் துண்டை எங்கள் ஊரில் யாரும் எடுப்பதில்லை. எடுத்தால் எடுத்தவனை விட்டுவிட்டு அவன் தாயைத்தான் பேசுவார்கள். இத்தனை காலம் இந்தச் சிக்கல் தெரியாமல் இருந்ததற்குக் காரணம் லூஷியஸ் கேண்டி என்ற கிழவர். ஊரிலேயே கூச்சமில்லாத ஒரே மனிதர். தினமும் இரண்டு மணிக்குக் கடைசித் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, விரலை நக்கிக்கொண்டே போவார். முப்பது வருஷம் அவரை ஏசினோம். மார்ச் எட்டாம் தேதி, திங்கட்கிழமை, அவர் செத்துப்போனார்.

மறுநாள் ஒரு கோழிக்கால் மிஞ்சியது. மர ஆலைக்காரர் அதைப் போதகர் ஹோசியா மேப் பக்கம் தள்ளினார். "நீங்க எடுத்துக்கிடுங்க, ரெவரெண்ட்."

"ஐயோ, வயிறு கழுத்துவரைக்கும் இருக்கு. முடிவெட்டுற தம்பி எடுத்துக்கிடட்டும்" என்று போதகர் தள்ளினார்.

"எனக்கெதுக்கு? டீச்சரம்மா இன்னும் சரியாவே சாப்பிடல" என்று நாவிதன் கிளியோத்தா பைனம் தள்ளினான்.

இப்படிப் பதினொரு பேரும் நாற்பது நிமிஷம் தள்ளினார்கள். பிறகு எல்லோரும் கையை எடுத்துவிட்டார்கள். பலகை மட்டும் நிற்கவில்லை.

அது இரவும் பகலும் சுற்றியது. தினமும் புதிதாகச் சமைத்து வைத்ததெல்லாம் தீர்ந்தது. அந்தக் கோழிக்கால் மட்டும் அப்படியே, பொரித்தெடுத்த சூட்டோடு, ஆவி பறக்கச் சுற்றிக்கொண்டிருந்தது. ஏப்ரனும் அவிழவில்லை. வெர்லீன் அதை உடுத்திக்கொண்டே ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வந்து பின்சுவரோரம் நின்றாள். தங்கை கல்யாணத்தில் நின்றாள், அதே தங்கையின் அடக்கத்திலும் நின்றாள். தூங்குவது ஐஸ் பெட்டிக் கதவில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு. சாப்பாட்டைக் குப்பையில் போடுகிற வழக்கம் அவளுக்கு இல்லை. அவளே தின்றுவிடலாம் என்றால், பரிமாறுகிறவள் கடைசியில்தான் சாப்பிட வேண்டும். கடைசி என்பதோ வரவே இல்லை. சுற்றும் மேசையைப் பார்க்க மெம்ஃபிஸிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். எல்லோரும் நல்ல தாய் பெற்றவர்கள். ஒருநாள் தெருநாயைக் கூட்டிவந்து மேசைமேல் ஏற்றினோம். எங்கள் தெருவில் வளர்ந்த நாய். கோழிக்காலை முகர்ந்தது, எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தது, இறங்கிப் போய்விட்டது.

எழுபத்தெட்டில் போதகர் ஊர்ப்பணம் திரட்டி, வடக்கே ஓஹாயோவிலிருந்து ஒரு தண்ணீர் பம்பு விற்பனைக்காரரை வரவழைத்தார். வடக்கத்தி ஆட்களுக்கு இந்தக் கூச்சம் கிடையாது என்று கேள்வி. மழையில் பாலம் மூழ்கி, வருகிற வழியில் அவர் மூன்று நாள் டீச்சரம்மா வீட்டில் தங்க வேண்டியதாயிற்று. நான்காம் நாள் மேசைக்கு வந்தார். கையை நீட்டினார். எல்லோரும் அவர் விரலையே பார்த்தோம். "இல்லீங்க, உங்கள்ல யாராச்சும் சாப்பிடுங்க, எனக்கு நெறஞ்சிருச்சு" என்று சொல்லிக் கையை மடக்கிக்கொண்டார்.  வெர்லீன் அவருக்கு இன்னொரு தம்ளர் தேநீர் ஊற்றிவிட்டு உள்ளே போனாள்.

வருஷங்கள் போயின. அவள் முழங்கால்கள் பூசணிக்காயாக வீங்கின. இப்படியே நின்றால் அடுத்த குளிர்காலத்தைப் பார்க்க மாட்டாள் என்று மருத்துவர் சொன்னார், சொல்லிவிட்டு மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார், மரியாதையாகக் கோழிக்காலைத் தள்ளிவிட்டார்.

கிளியோத்தா பைனம் பத்தொன்பது வருஷமும் சமையலறைக் கதவுக்கு நேர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தவன். அவன் தாய் வெள்ளாவி வைத்து ஏழு பிள்ளைகளை ஆளாக்கியவள். விட்டுப்போன சொத்து, ஊரில் நல்ல பேர் ஒன்றுதான். 1990 ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை வெர்லீன் கீரை பரிமாறிக்கொண்டே, கரண்டியை அவன் தட்டுக்கு மேல் பிடித்தபடி, நின்றவாக்கில் தூங்கிப்போனாள். கீரைத் தண்ணீர் அவன் சட்டைக் கையில் சொட்டியது. அவன் கையை நகர்த்தவில்லை. கண் விழித்தவள் யாரையும் பார்க்காமல், "ஒரே ஒரு நிமிசம் உக்காந்தா போதும்" என்றாள்.

கிளியோத்தா காத்திருந்தான். பலகை சுற்றி வந்தது. "மன்னிச்சுக்க, அம்மா" என்றான், செத்துப்போன தன் தாயிடம். கோழிக்காலை எடுத்தான். பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, எலும்பு வெளுக்கும்வரை தின்றான். டீச்சரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பலகை நின்றது. ஏப்ரன் தரையில் விழுந்தது. வெர்லீன் பக்கத்து நாற்காலியை இழுத்து, ஒவ்வொரு காலாக மடக்கி, உட்கார்ந்தாள். கிளியோத்தா பக்கம் திரும்பினாள்.

"உப்பு சரியா இருந்துச்சா?"

"கொஞ்சம் கம்மி."

"பத்தொம்பது வருசமா வாயில என்ன வச்சிருந்த? அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல."

நாங்கள் ஒரு வருஷம் கிளியோத்தாவிடம் முடி வெட்டிக்கொள்ளவில்லை. அவன் தாயைப் பற்றியும் கொஞ்சம் பேசினோம். பிறகு பக்கத்து ஊர் நாவிதன் காதை வெட்டுகிறவன் என்று தெரிந்து திரும்பிப் போனோம். மேசையில் இப்போது கடைசித் துண்டு கிளியோத்தாவுடையது. இழப்பதற்கு இனி அவனிடம் நல்ல பேர் எதுவும் மிச்சமில்லை. இரண்டு மணிக்குத் தின்று முடித்து விரலைத் துடைத்துக்கொள்வான், வெர்லீன் ஏப்ரனை ஆணியில் மாட்டுவாள், இரண்டு பேரும் தெருவைக் கடந்து அவன் கடைக்குப் போவார்கள். அங்கே தோல் வைத்த முடிவெட்டும் நாற்காலி ஒன்று இருக்கிறது. ஊரிலேயே சுகமான இருக்கை அதுதான். அவள் அதில் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். நாற்காலி மெல்லச் சுற்றத் தொடங்கும். கிளியோத்தா தள்ளுவதில்லை, அவன் ஜன்னலோரம் பத்திரிகை படித்துக்கொண்டிருப்பான். சாயங்காலம் ஐந்து மணிவரை அது சுற்றும். முடி வெட்டிக்கொள்கிறவர்கள் காலையிலேயே போய்விடுகிறோம்.